பதினான்கு புள்ளி, ஒரு சாவி

வாசகர் கேள்வி, 4 மே 2023

நாங்கள் நகரத்தார். காரைக்குடியில் எங்கள் ஐயா காலத்துச் செட்டிநாட்டு வீடு. நான்கு பங்காளிகள், மணமான ஆணுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் மொத்தம் பதினான்கு புள்ளி. நான் இருப்பது பெங்களூரில். என் பிள்ளைகள் அந்த வீட்டில் ஒரு இரவு முழுதாகத் தங்கியதில்லை. பொங்கலுக்கு யாராவது ஒருவர் போய் வெளிவாசலில் விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறார், அவ்வளவுதான். இப்போது மரத்துக்கு மட்டும் ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். தூண், நிலை, உத்தரம், கைமரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார். மனை எங்களுக்கே. என்னைக் கேட்டால் இவை பெருமைக்குக் கட்டிய வீடுகள். பெருமை போன பிறகு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 மே 2023, இரவு

தம்பி, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். விலையெல்லாம் அதற்கு அப்புறம்.

நானும் அப்படி ஒரு வீட்டில் பிறந்தவள். உங்கள் வீட்டிலிருந்து நான்கைந்து தெரு தள்ளித்தான் இருக்கும். பதினொரு புள்ளி. பள்ளிக்கூட வேலை முடிந்து 2019இல் ஊர் திரும்பி, அந்த வீட்டைத் திறக்கப் போனேன். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே சரிந்த ஓடுகள் கதவுக்குப் பின்னால் குவிந்து அடைத்துக்கொண்டிருந்தன. பின்வாசல் வழியாகப் போய், கூடையில் அள்ளி அள்ளி வழி செய்துதான் முகப்புக்கு வர முடிந்தது. கடைசியாக உள்ளே போனவர் யார், எந்த வருடம் என்று பதினொரு புள்ளியிலும் ஒருவருக்கும் தெரியவில்லை.

“மனை எங்களுக்கே” என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். மரத்தை எடுத்த பிறகு கூரை இல்லாத சுவர் இரண்டு ஐப்பசி தாங்கும், மூன்றாவதில் விழும். முழங்கை அகலச் சுவர்கள் அவை. அந்தச் செங்கல்லையும் காரையையும் அள்ளி வெளியேற்றும் செலவு உங்கள் தலையில் வரும்.

6 மே 2023

“பெருமைக்குக் கட்டிய வீடுகள்” என்ற சொல் இரண்டு நாளாக உறுத்துகிறது.

முகப்பைப் பற்றிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். பர்மா தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, வாசலுக்கு மேலே கஜலட்சுமி சுதை. வருகிறவர் பார்க்க வேண்டும் என்றே செய்தவை. நிலைக்கு மேலே சூரியப் பலகையைச் செதுக்கிய ஆசாரி மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தது வேறு எதற்கு?

ஆனால் முகப்பைத் தாண்டி வளவுக்குள் வாருங்கள். நடுவில் திறந்த முற்றம். இரு பக்கமும் வரிசையாக அறைகள், மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அந்த அறையில் யாரும் குடும்பம் நடத்தியதில்லை. சீர்ச் சாமானும் பெட்டகமும் அங்கே இருக்கும், பூட்டு அந்தப் புள்ளியுடையது. மருமகளை வேறு வைத்த நாளிலிருந்து அடுப்பு தனி, உப்பு புளி தனி. ஒரே கூரையின் கீழ் ஏழு அடுப்பு எரிந்தது எனக்கே நினைவிருக்கிறது. எந்த அடுப்பில் என்ன குழம்பு என்று வாசனையிலேயே சொல்லிவிடுவோம். மழை வந்தால் முற்றத்து நான்கு மூலையிலும் அண்டாவை வைப்பார்கள். நிறைந்தால் அடுத்தது. குடிக்க அந்தத் தண்ணீர்தான்.

ஆண்கள் வட்டித் தொழிலுக்காகக் கடல் கடந்து மூன்று வருடக் கணக்குக்குப் போவார்கள். ரங்கூன், மோல்மேன், சைகோன், பினாங்கு, கொழும்பு. அவ்வளவு காலமும் வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். நெல் வந்து இறங்குவது, வற்றல் காய்வது, பிரசவம், நோன்பு, வட்டிக் கணக்கு வரை, வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டு என்னும் பகுதியில் நடந்தது. என் அப்பத்தாவுக்கு அந்த வீடு வேலை செய்யும் இடம். இரண்டாம் கட்டு அடுப்படிக்குப் போகும் கருங்கல் படியில் நடுப்பகுதி மட்டும் விரற்கடை ஆழம் தேய்ந்து, மழையில் அதில் தண்ணீர் நிற்கும். முகப்பில் அப்படித் தேய்ந்த படி ஒன்றுகூட இல்லை. வந்து ஒருமுறை பாருங்கள்.

7 மே 2023

பள்ளத்தூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், ஒரு வீடு போனால் தெருவுக்கு என்ன என்று.

எங்கள் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முன்வாசலில் நின்றால் நேர்க்கோட்டில் பின்வாசல் தெரியும், காற்றும் அதே வழியில் போகும். நேர் நேரான தெருக்கள். ஓட்டில் விழுந்த மழை முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து தெருக் கால்வாய்க்கு, அங்கிருந்து ஊரணிக்கு என்று ஊரையே ஓட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் ஒரு வீட்டை எடுத்துவிட்டு மனையைத் தெரு மட்டத்துக்கு மேலே மண் கொட்டி உயர்த்தினால் தண்ணீர் எங்கே போகும்? அக்கம்பக்கத்து அடித்தளத்துக்குத்தான் போகும். எங்கள் தெருவில் அப்படிப் போய்க்கொண்டிருக்கிறது.

2 ஜூன் 2023

வீடு எப்படிச் சாகிறது என்று எழுதுகிறேன். கரையான் என்பார்கள், வயது என்பார்கள். நான்கு வருடம் ஒரே வீட்டின் கூரைக்கு அடியில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

நல்ல பர்மா தேக்கைக் கரையான் லேசில் தொடாது. சாவு தொடங்குவது கூடல்வாயில். முற்றத்தின் இரண்டு பக்கத்துத் தாழ்வாரமும் மூலையில் சேரும் இடம் அது. இரண்டு கூரைத் தண்ணீரும் அந்த ஒரு வாய்க்காலில் ஓடும். அங்கே தகடு துருப்பிடித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும், அல்லது ஒரு குரங்கு நாட்டு ஓட்டைப் புரட்டிவிடும். ஒரு கைப்பிடி ஓடு. வீட்டில் ஆள் இருந்தால் அன்று மாலையே தரையில் ஈரம் பார்த்து, மறுநாள் ஓட்டுக்காரரைக் கூப்பிட்டு, அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

ஆள் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் கூரைச் சரிவில் கிடக்கும் கைமரத்தின் வழியே இறங்கி, சுவருக்குள் பதிந்திருக்கும் உத்தரத்தின் தலையில் போய் நிற்கிறது. சுவருக்குள் இருப்பதால் காய வழியில்லை. வெளியே தெரியும் பாகம் பளபளவென்று இருக்கும், உள்ளே பதிந்த ஒரு முழம் மட்டும் பஞ்சாகிவிடும். எங்கள் வீட்டில் வடகிழக்கு மூலை உத்தரத்தின் தலையை நான் விரலால் நோண்டி எடுத்தேன். காபித்தூள் மாதிரி உதிர்ந்தது. அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, தாழ்ந்த இடத்தில் ஓடு விலகி, விலகிய இடத்தில் இன்னும் தண்ணீர். கார்னிஸ் வெடிப்பில் ஓர் அரசங்கன்று முளைத்துவிட்டால் சுவரும் பிளந்துகொள்ளும்.

பூட்டிய வீட்டில் இதற்கு எட்டு முதல் பத்து வருடம் போதும் என்பது என் கணக்கு. எங்கள் தெருவில் விழுந்த மூன்று வீடுகளைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆகவே உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், நான்கு கூடல்வாய். வேறு எதையும் இந்த வருடம் தொட வேண்டாம். சுவர் அழுக்காக இருக்கட்டும், தரை உடைந்திருக்கட்டும், வெளவால்கூட இருக்கட்டும்.

3 ஜூன் 2023

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், அது நான் செய்த பிழை என்பதால் சொல்லியே ஆக வேண்டும். 2020இல் அவசரத்தில் மேற்குச் சுவரின் அடிப்பாகத்துக்குச் சிமெண்ட் பூசச் சொன்னேன். பழைய பூச்சு மூன்றடி உயரத்துக்குப் பொரிந்து கிடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. கொத்தனார் இரண்டே நாளில் முடித்துவிட்டார்.

அடுத்த வருடம் ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி, நான்கடியிலிருந்து ஆறடி வரை, நூறு வருடமாக ஒன்றும் ஆகாத பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. தரையிலிருந்து சுவர் உறிஞ்சுகிற ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டது, ஈரம் வேறு வழி தேடியது. கழன்ற பாளத்தை எடுத்துப் பார்த்தேன். முட்டை ஓடு போன்ற வழுவழுப்பு, தடவினால் குளிர்ச்சி. அகல் விளக்கை அருகே கொண்டுபோனால் அதில் சுடர் தெரிந்தது. அப்பத்தா விளக்கேற்றும்போது சுவருக்குள் இன்னொரு விளக்கு எரிவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே சுவர். என் அவசரத்தால் போனது.

சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க எட்டு மாதம் ஆனது. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று அவரிடம் கேட்டேன். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் காரைக்கு, முட்டை கடைசிப் பூச்சுக்கு மட்டும் என்றார். பளபளப்பு முட்டையில் இல்லையாம். சோழிச் சுண்ணாம்பை வெண்ணெய் போல அரைத்து, மெல்லிசாகப் பூசி, அது இறுகும்வரை கையை எடுக்காமல் வழுவழுப்புக் கல்லால் தேய்க்க வேண்டும். அவர் ஒரு நாளில் முடித்தது ஒரு கதவு அகலம். மறுநாள் வலது கையைத் தூக்க முடியவில்லை என்று வரவில்லை.

21 ஜூலை 2023

எங்கள் தெருவில் மேற்கே இரண்டாவது வீட்டைக் கழற்றுகிறார்கள். பதினேழு நாளாகிறது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேறு வேலை ஓடவில்லை.

முதலில் கதவுகளையும் நிலைகளையும் எடுத்தார்கள். நிலையை எடுக்கும் முன்பு அதில் ஒட்டியிருந்த குங்குமத்தை ஓர் ஆள் ஈரத் துணியால் துடைத்தார். யாரும் சொல்லாமல் அவரே செய்தார். பிறகு மாடிக் கைப்பிடிகள், சன்னல்கள். பிறகு முகப்புத் தூண்கள். கூரைக்கு முட்டுக் கொடுத்து, தூணுக்குப் பழைய சேலைகளையும் சாக்குகளையும் சுற்றி, கயிறு கட்டி ஆறு பேர் இறக்கினார்கள். கீறல் விழுந்தால் விலை போகும் என்பதால் அத்தனை பக்குவம். குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலத்தான் போட்டார்கள். அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு கூரைக்குக் கிடைத்திருந்தால் வீடு நின்றிருக்கும்.

ஓடுகளை மட்டும் மேலிருந்தே தள்ளிவிடுகிறார்கள்.

22 ஜூலை 2023

நேற்று அந்தப் பங்காளிகளைப் பற்றிக் கடுமையாக ஒரு வரி எழுதி அழித்தேன். அழித்தது நல்லதாயிற்று. அவர்களில் மூத்தவர் இன்று வந்து எங்கள் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது. கூரை ஓட்டை மாற்றப் பணம் போடலாம் என்று பத்து வருடம் எல்லாருக்கும் எழுதினாராம். “நான் தருகிறேன், அவர் தரட்டும்” என்றே எல்லாப் பதிலும் வந்தது. பேராசைக்காரர் ஒருவரும் இல்லை. முதலில் போடுகிறவர் மட்டும்தான் இல்லை.

“என் அறைச் சாவியை என்ன செய்வது ஆச்சி?” என்று கேட்டார். கையில் வைத்திருந்தார், ஒரு சாண் நீளம். என்னிடம் பதில் இல்லை.

14 ஆகஸ்ட் 2023

மே மாதம் வேறொருவருக்குப் பதில் எழுதியபோது எங்கள் பட்டாலை என்னும் கூடத்துச் சுவரில் இருப்பது ஆத்தங்குடிக் கல் என்று சொல்லியிருந்தேன். தவறு. நேற்று ஒன்று கழன்று விழுந்தது, பின்புறம் ‘மேட் இன் ஜப்பான்’ என்று அச்சு. ரோஜாப்பூ புடைத்திருக்கும் பளபளக் கல், சூளையில் சுட்டது. பர்மா, மலாயா சரக்கோடு அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தவை.

ஆத்தங்குடிக் கல் தரைக்குப் போடுவது, அதைச் சுடுவதே இல்லை. கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் கூழை ஒவ்வொரு குழியிலும் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே காரை வைத்து அமுக்குவார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காய வைத்தால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் மினுக்குவது நடக்கிற பாதம்தான். ஆள் நடக்காத அறையில் அது மங்கிப்போவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

என் பேத்தி அந்த ஜப்பான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்படியென்றால் இந்த ரோஜா நம்மை விட அதிக ஊர் பார்த்திருக்கிறதா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

9 அக்டோபர் 2023

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். பதினான்கு புள்ளியில் ஒன்பது பேர் விற்கச் சம்மதம், ஐந்து பேர் பதில் இல்லை என்று.

உங்கள் சகோதரிகளைக் கேட்டீர்களா? புள்ளி என்று எண்ணினால் மணமான ஆண்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள். கோயில் வரிக்கு அந்தக் கணக்கு. வீட்டுக்கும் அதையே நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நானும் “எனக்கு வீட்டில் பங்கு கிடையாது, பாசம்தான்” என்று நாற்பது வருடம் சொல்லி வந்தவள். எனக்கு மணமானது 1983இல். 1989இல் தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தபோது, அந்த வருடம் மார்ச் 25க்கு முன்பு மணமானவர்களுக்கு இல்லை என்றார்கள். அதோடு மனத்தை மூடிக்கொண்டேன். 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பாகுபாடு போனதும், 2020இல் உச்ச நீதிமன்றம் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னதும், என்னிடம் படித்த மாணவி ஒருத்தி வக்கீலாகி வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் தெரியும். 2004 டிசம்பர் 20க்கு முன்பு முறைப்படி பாகம் பிரித்திருந்தால் மட்டும் கதை வேறு.

நான் பங்கு கேட்கவில்லை. என் தம்பியிடம் அதைச் சொல்லி, எனக்குப் பங்கு வேண்டாம், வீட்டைத் திறந்து பராமரிக்கும் அதிகாரத்தை எழுதிக் கொடு என்றேன். கொடுத்தான். பதினொருவரில் எட்டுப் பேர் கையெழுத்திட்டார்கள். ஓட்டு வேலைக்கு 3,40,000 ரூபாய் ஆனது, பாதி என் ஓய்வூதியச் சேமிப்பு, மீதியை ஆறு பேர் போட்டார்கள். நான் முதலில் போட்ட பிறகுதான் அவர்கள் போட்டார்கள்.

சகோதரிகளைக் கேளுங்கள், தம்பி. வழக்குக்குப் பயந்து அவர்களிடம் கையெழுத்து வாங்கச் சொல்லவில்லை. அந்த வீட்டில் முற்றத்து மழையைப் பிடித்தவர்கள் அவர்கள்.

20 டிசம்பர் 2023

இந்த வாரம் பிள்ளையார் நோன்பு. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கிய அதே நாட்கள். இங்கே அவ்வளவு மழை இல்லை, ஆனாலும் கூடல்வாயில் கண் வைத்தபடியே இருந்தேன். தரை காய்ந்திருந்தது.

வளவில் பாய் விரித்து, இருபத்தோரு இழைத் திரியை மாவில் வைத்து, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொண்டோம். இருபத்தாறு பேர். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நோன்பு நடந்தது. சிட்னியிலிருந்து வந்த பையன் ஒருவன் சுடரைப் பார்த்து முதலில் பின்வாங்கினான். பிறகு இரண்டாவது இழை கேட்டான்.

அன்று இரவு பேச்சில் ஒன்று வெளிப்பட்டது. இரண்டாம் கட்டில் கிழக்குப் பக்கத் தூண்கள் தேக்கு, மேற்குப் பக்கத் தூண்கள் செங்கல்லில் கட்டிப் பூசியவை. மேற்குப் பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டது, பிறகு மாற்றினார்கள் என்றே நான் நம்பி, முன்பு எழுதியும் இருக்கிறேன். பெரியப்பா மகன் பழைய பெட்டகத்திலிருந்து ஒரு கணக்குப் பேரேட்டைக் கொண்டுவந்தான். இரண்டாம் கட்டுக்குக் கடைக்கால் போட்டது 1929. கிழக்குப் பக்க மரத்துக்கு அந்த வருடமே பற்று. 1931 முதல் மரம் என்ற சொல்லே இல்லை, செங்கல் சுண்ணாம்புதான்.

1930இல் நெல் விலை விழுந்தது. பர்மாவில் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பித் தர முடியவில்லை, பணத்துக்குப் பதில் நிலமாக வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம் 1937இல் 25 பங்கானது. ஏடுகளில் சொத்து, கையில் காசில்லை. நிலத்தை இழந்தவர்களின் வயிற்றெரிச்சலும் அந்த ஏட்டில்தான் சேர்ந்தது என்று நினைக்கிறேன், அதைப் பேசாமல் தேக்கை மட்டும் பேசுவது நியாயம் இல்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. ஐயா பெகுவிலிருந்து அசாம் வழியாக நடந்து வந்து சேர்ந்தார். 1948இல் பர்மா அரசு நிலத்தையும் எடுத்துக்கொண்டது.

மேற்குத் தூணில் கை வைத்தேன். அதில் மரத்தின் வரிகள் மாதிரியே பழுப்பு வண்ணத்தில் கோடு இழுத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தோடு ஒத்துப்போகட்டும் என்று யாரோ தூரிகை எடுத்திருக்கிறார். அறுபது வருடம் அதை மரம் என்று நினைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

5 ஜனவரி 2024

பேரேட்டில் இன்னொன்று. ‘செங்கல் தூண் வர்ணம், 4 ஆள்.’ வேறு விவரம் இல்லை.

17 ஆகஸ்ட் 2024

காரைக்குடி இப்போது மாநகராட்சி. மனை கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், வாரம் ஒருவராவது எங்கள் கதவைத் தட்டுகிறார்.

அரசு ஏதாவது செய்யாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்களின் பெயர் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறி, நடைமுறைக்கு வந்ததே 2024இல்தான். இரண்டும் நல்லவை, வேண்டும் என்று மனுப் போடுகிறவர்களோடு நானும் போடுகிறேன். ஆனால் பட்டியலில் இருப்பதால் வடகிழக்கு மூலை ஓட்டை யாரும் வந்து மாற்றித் தரப்போவதில்லை. அதற்குள் ஐப்பசி வந்துவிடும்.

விடுதியாக மாற்றுவது பற்றி: ஒரு காலத்தில் எனக்கு அது பிடிக்காது. படுக்கையறையாக்க அறைகளின் சுவரை உடைத்துக் குளியலறை வைப்பார்கள், வளவில் நாற்காலி மேசை போடுவார்கள் என்று கோபப்பட்டேன். கானாடுகாத்தானிலும் இங்கேயும் அப்படி மாறிய சில வீடுகளைப் போன மாதம் சுற்றிப் பார்த்தேன். குளியலறை வைத்திருக்கிறார்கள்தான். ஆனால் கூடல்வாயில் புதுத் தகடு, தரையில் தினமும் பாதம், சமையலறையில் நெருப்பு. அங்கே வேலை செய்யும் பெண்கள் காலையில் கோலம் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் விழுந்த மூன்று வீட்டோடு ஒப்பிட்டால் நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் வீட்டை மட்டும் அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை.

11 நவம்பர் 2024

பழம்பொருள் கடைத் தெருவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கப் போனேன். போன வருடம் கழற்றிய அந்த வீட்டுச் சூரியப் பலகை அங்கே சுவரில் சாய்ந்திருந்தது. இடது யாளியின் கால் கருகியிருக்கும், ஒரு கார்த்திகையில் அகல் சரிந்து கருகியது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். கடைக்காரர் விலை சொன்னார். தாழ்ப்பாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

16 மார்ச் 2025

கேள்வி கேட்ட தம்பி நேற்று வந்திருந்தார், தன் அக்காவையும் அழைத்துக்கொண்டு. அக்கா தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டின் சாவி பதினைந்து வருடமாக அவருடைய பெட்டியில் இருந்திருக்கிறது. அவர்கள் அம்மா கடைசியாகப் பூட்டிவிட்டு மகளிடம் கொடுத்துப் போயிருக்கிறார். பதினான்கு பேரில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் யாரும் கேட்கவில்லையே என்று சொல்லவில்லை.

மூவருமாகத் திறந்தோம். தென்மேற்குக் கூடல்வாய் போயிருக்கிறது, கீழே தரையில் வட்டமாகப் பாசி. உத்தரத்தின் தலையைக் கம்பியால் குத்திப் பார்த்தேன், அரை அங்குலம்தான் இறங்கியது, அதற்கு மேல் மரம் இரும்பு போல நின்றது. மற்ற மூன்று மூலையும் நலம். அக்கா அடுப்படி வரை போய், சுவரில் கரியால் எழுதியிருந்த பால் கணக்கைக் காட்டினார், அவர் எழுத்து. தம்பி அதைப் படம் எடுக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மரத்துக்கு வந்தவரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு வருடத்துக்குத்தான் என்று தம்பி அழுத்திச் சொன்னார். சரி.

18 மார்ச் 2025

சாவியை மூன்று பிரதி எடுத்தாயிற்று. ஒன்று அக்காவிடம், ஒன்று தம்பியிடம், ஒன்று என் வீட்டு மாடக்குழியில். அசல் கனமாக இருப்பதால் அது பூட்டில் சுலபமாகத் திரும்புகிறது, அதை அக்காவே வைத்துக்கொள்ளட்டும்.

ஓட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், சித்திரை பிறந்ததும் வருவார். நாட்டு ஓடு ஐந்நூறு எங்கள் கொல்லையில் மீதம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு மூலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.